நைனா மறைத்து நிற்கும் கல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் வீட்டு ஹாலில் மோர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆண்டி, தப்பா நினைச்சுக்காதீங்கோ. உங்கப்பாவைக் கொஞ்சம் உடைச்சுக்கலாமா?" என்று கேட்டாள். கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், பாத்திரத்தை நங்கென்று வைப்பார்கள். நான் கதை எழுத உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வீட்டில் கத்துவதைவிட அதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

என் பெயர் லோயிஸ். சித்தூரில் இருக்கிறேன். தெலுங்கு மீடியம் ஹைஸ்கூலில் பிஸிகல் சயன்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவள். பகலெல்லாம் தெலுங்கில் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் கதை எழுதுவேன். படிக்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். நாயுடுபேட்டையில் இருக்கும் என் தம்பி கிளாட்வின் படித்துவிட்டேன் என்று சொல்வதை நான் நம்புவதில்லை.

அந்தப் பெண் உடைக்கக் கேட்டது என் அப்பாவை அல்ல. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் கோயில் வாசலில் அவர் பெயர் செதுக்கி வைத்திருக்கும் கிரானைட் பலகையைத்தான் கேட்டாள். ஆனால் என் காதில் அப்பாவைத்தான் கேட்டதாக விழுந்தது. ஸ்டான்லி என்று சபையில் சொல்வார்கள், எங்களுக்கு நைனா.

சரி, கதையை ஒழுங்காக ஆரம்பிப்போம் என்று இப்படி எழுதினேன்:

"சித்தூர் மிஷன் காம்பவுண்டின் வேப்ப மரங்களுக்கு நடுவே, நெடிய சரித்திரத்தைச் சுமந்து நிற்கும் அந்தப் பழமையான தேவாலயம்—"

நிறுத்திவிட்டேன். சரித்திரத்தைச் சுமந்து நிற்கிறதாம். கழுதையா அது? தவிர, தேவாலயம் என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. கோயில் என்போம்.*

(* வேப்ப மரம் ஒண்ணுதான் ஆண்டி இருக்கு. மத்ததெல்லாம் புங்க மரம். — ஸ்ரீஜா)

இந்த அடிக்குறிப்பு போடுகிற ஆள்தான் அந்தப் பெண். என்னைப் பற்றி எழுதுங்கள், ஆனால் தப்பு இருந்தால் கீழே குறிப்பு போடுவேன் என்று சொல்லிவிட்டாள். சரித்திரம் படிக்கிற பிள்ளைகளோடு பழகினால் இதுதான் கதி.

2

ஸ்ரீஜாவை ஒரு பாத்திரமாக நம்புவது எனக்கே கஷ்டமாக இருந்தது. திருப்பதியில் ஒரு ஸ்ரீவைஷ்ணவ வீட்டுப் பெண். அப்பா சக்ரபாணி, பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். இவள் அங்கே யுனிவர்சிடியில் ஹிஸ்டரி எம்.ஏ. கடைசி செமஸ்டர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது சித்தூர் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் சரித்திரம். வேறொருவர் இப்படி எழுதியிருந்தால், மத நல்லிணக்கப் பரிசுக்கு ஆசைப்பட்டு இட்டுக்கட்டுகிறார் என்று நானே சொல்லியிருப்பேன்.

உண்மைக் காரணம் அவ்வளவு உயர்ந்தது இல்லை. அவளுடைய கைடு ஹரிபாபு சாருக்கு ஒரு கட்டளை உண்டு. சொந்த வீட்டுச் சரித்திரத்தை யாரும் எழுதக் கூடாது. சொந்த ஊரைப் பற்றி எழுதவிட்டால் எல்லாப் பிள்ளைகளுடைய தாத்தாவும் தியாகியாகிவிடுகிறார்களாம். அதனால் மடப்பள்ளியைப் பற்றி எழுத ஆசைப்பட்ட ஸ்ரீஜாவுக்கு நாங்கள் கிடைத்தோம். மடப்பள்ளி நாயுடுபேட்டையிலிருந்து வரும் ஒரு சர்ச் பையனுக்குப் போய்விட்டது. அவன் இப்போது புளியோதரையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறானாம்.

எங்கள் சபைச் செயலாளர் இன்பசேகரன் அண்ணன்தான் அவளை என் வீட்டுக்கு அனுப்பினார். கதை எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"உங்க சபையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கேன் ஆண்டி."

"எங்களைப் பத்தி இன்னா கீது ஆராய்ச்சி பண்ண? ஞாயித்துக்கெழமை போறோம், வர்றோம்."

"அதைத்தான் எழுதணும் ஆண்டி. எப்போலேருந்து போறேள், ஏன் போறேள்னு."

ஏன் போகிறோம் என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் மோர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு வந்துவிடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் சின்னச் சிவப்புக் கோட்டோடு, பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருவாள். கீர்த்தனை ஆரம்பித்ததும் தலை ஆடும். நாங்கள் பல வருஷமாகப் பாடிக்கொண்டிருப்பது என்ன ராகம் என்று பாடகர் குழுவுக்கு அவள் சொல்லித்தான் தெரிந்தது.*

(* ராகம் பேர் சொன்னேன், வாஸ்தவம். அவா இன்னும் ஒத்துக்கலை. — ஸ்ரீஜா)

3

[இந்தப் பகுதியில் கொஞ்சம் கட்டுரை வாடை அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். இது இல்லாமல் மேலே போனால் ஒன்றும் புரியாது.]

பிடி அரிசி என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். சோறாக்க அரிசி அளந்தவுடனே அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்தாலும் அந்தப் பிடி குறையாது. இப்போதும் சில வீடுகளில் இந்த வழக்கம் இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் கோயில் பிரதிஷ்டை நாளன்று இன்பசேகரன் அண்ணன் மைக்கைப் பிடித்து, "இவ்வாலயம் மிஷன் துரை அவர்களால் கட்டப்பட்டது" என்று ஆண்டறிக்கை வாசிப்பார். நாங்கள் ஆமென் சொல்வோம். பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருக்கும்போது யாரும் சந்தேகம் எழுப்ப மாட்டார்கள்.

ஸ்ரீஜா எழுப்பினாள். காம்பவுண்டில் வயதான பெண்களோடு பேசப் பேச அவளுக்கு வேறொரு கதை கிடைத்தது. கட்டட வேலை பாதியில் நின்றபோது துரை சீமைக்குப் போயிருந்தார். மிச்சத்தைக் கட்டி முடித்தது பிடி அரிசி. அதை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர் பச்சையம்மாள் என்ற பைபிள் உமன், அதாவது வீடுகளுக்குப் போய் வேதம் வாசித்துக் காட்டுகிற ஊழியக்காரி. மூலைக்கல்லை வைத்ததும் அவர்தான், கல்லில் அவர் பெயர் இருந்தது என்கிறார் பாட்டுக் குழுவின் ஜெயம்மா அக்கா.

இதை வைத்து ஸ்ரீஜா ஒரு அத்தியாயம் எழுதிவிட்டாள். ஹரிபாபு சாருக்கு அந்த அத்தியாயம் ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வருஷம் அவர் பி.எச்டி.க்கு ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்கப் போகிறார். இந்த அத்தியாயம் நின்றால் அந்த இடம் ஸ்ரீஜாவுக்கு. நிற்காவிட்டால் அவளுடைய அம்மா பெருந்தேவி ஆசை ஆசையாகப் பார்த்து வைத்திருக்கும் பி.எட்.

"எல்லாம் பாக உந்தி. எவிடென்ஸ் ஏதம்மா?" என்று கேட்டாராம் சார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம் எங்கே?

ஆதாரம் மூலைக்கல். கல் கோயில் வாசலில் வலது பக்கச் சுவரில் இருக்கிறது. அதன் மேல் நைனா இருக்கிறார்.

சில வருஷங்களுக்கு முன் கோயிலைப் புதுப்பித்தோம். டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், புது ஃபேன். அந்தச் சமயத்தில், முன்பு பழைய ஓட்டைப் பிரித்துக் கூரை மாற்ற அலைந்தவர் என்று நைனா பெயரில் ஒரு நினைவுப் பலகை வைக்கக் கமிட்டி தீர்மானித்தது. எங்கே வைப்பது என்று பார்த்தபோது, கல் ஒட்ட வந்த வடமாலபேட்டை மேஸ்திரி வாசல் பக்கத்தைத் தட்டிக் காட்டி, "இங்க ஆல்ரெடி லெவலா கீது சார்" என்றார். ஆள் நெஞ்சு உயரம், வழவழ முகம், வாசலில் நுழையும்போதே கண்ணில் படும் இடம். எல்லோருக்கும் திருப்தி. சரித்திரத்தை மூடுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லெவலாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

அந்தக் கல்லில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்பசேகரன் அண்ணன் துரை பெயர் இங்கிலீஷில் இருந்தது என்று சத்தியம் பண்ணுகிறார். ஜெயம்மா அக்கா தமிழ் எழுத்து என்கிறார். இன்னொருவர் வெறும் வேத வசனம்தான் என்கிறார். ஞாயிறு பள்ளிக்கு வரிசையில் நிற்கும்போது அந்த எழுத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே நின்றவள் நான். சொரசொரப்பு ஞாபகம் இருக்கிறது. எழுத்து ஞாபகம் இல்லை.

"'ஞாபகம் இல்லை'ன்னு போட்டுக்கவா ஆண்டி?"

"'யோசிச்சிக்கினு கீறாங்க'ன்னு போடு."

4

அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கோயிலில் கல்யாணம் பண்ணிக்கொண்ட அத்தனை பேரும் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். எந்த ஆல்பத்திலாவது கல் விழுந்திருக்கும் அல்லவா?

வீடு வீடாகப் போனாள். போன இடத்திலெல்லாம் சாப்பிடச் சொன்னார்கள். அவள் வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொள்வாள். காம்பவுண்டில் அவளுக்கு வாழைப்பழ ஸ்காலர் என்று பெயரே வந்துவிட்டது. ஆல்பங்களோ கைவிரித்துவிட்டன. இன்பசேகரன் அண்ணன் கல்யாணத்தில் கல் இருக்கும் இடத்தை அவர் மாமனாரின் வயிறு மறைத்தது. ஜெயம்மா அக்கா கல்யாணத்தில் மாலை. இன்னொரு கல்யாணத்தில் பட்டுப்புடவைக் கூட்டம். நம் ஜனங்கள் போட்டோவுக்கு நின்றால் சுவரில் ஒரு சாண் இடம் தெரிய விடமாட்டார்கள்.

கடைசியில் என் ஆல்பம். நானும் என் வீட்டுக்காரரும் நடுவில். வலது பக்கம் கோட்டு, டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு நைனா. கல் இருக்கும் இடத்தை ஓரம்கூட விடாமல் மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஸ்ரீஜா போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "உங்கப்பா அப்பவே மறைச்சுண்டு நின்னிருக்கார் ஆண்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். நைனா போன பிறகு அவர் போட்டோவைப் பார்த்து நான் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மோரைக் குடித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இது.*

(* நான் 'உடைச்சுக்கலாமா'ன்னு கேக்கலை. 'எடுத்துக்கலாமா'ன்னுதான் கேட்டேன். ரெகார்டிங் இருக்கு. — ஸ்ரீஜா)

[இருக்கட்டும். கதை என்னுடையது. எடுத்தால் உடையும் என்று பார்க்க வந்த மேஸ்திரியே சொல்லிவிட்டார், அது அடுத்த பகுதியில் வருகிறது.]

5

கமிட்டி கூடிப் பேசியது. "குடும்பத்தார் சரின்னா எடுக்கலாம், சபைக்கு ஆட்சேபணை இல்ல" என்று இன்பசேகரன் அண்ணன் சொல்லிவிட்டார். துரை பெயர்தான் இருக்கும் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். குடும்பத்தார் என்றால் நானும் கிளாட்வினும். கிளாட்வின், "உன் இஷ்டம்க்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டான். ஆக, குடும்பத்தார் என்றால் நான்.

கல் வேலை செய்கிற சந்திரன் மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டினோம். பலகையைத் தட்டிப் பார்த்தார். ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"முழுசா வராதும்மா. கெமிக்கல் போட்டு ஒட்டிக்கீறாங்க."

"சரி, பின்னாடி கீற கல்லு?"

"அதான் சொல்ல முடியல. நல்லா புடிக்கணும்னு சிலர் பழைய கல்லைக் கொத்திட்டு ஒட்டுவாங்க. கொத்தியிருந்தா எழுத்து இருக்காது."

ஒட்டிய வடமாலபேட்டைக்காரர் இப்போது பெங்களூரில் இருக்கிறார். போன் போட்டுக் கேட்டோம். "எத்தினி கல்லு ஒட்டியிருப்பேன், எதைன்னு ஞாபகம் வெச்சிக்கறது" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் காரணத்தைச் சூசகமாகச் சொல்லி வாசகரைக் கண்டுபிடிக்க விடுவதுதான் நல்ல எழுத்து என்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, நேராகவே சொல்கிறேன். நைனா கொரோனாவில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் நானும் கிளாட்வினும் எட்ட நின்றோம், போதகர் ஐயர் அவசரமாக ஜெபம் பண்ணினார், முடிந்தது. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற மனிதர். அவர் சாவுக்கு யாரும் வர முடியவில்லை.

ஒரு வருஷம் கழித்து இந்தப் பலகையைத் திறந்தபோது சபை முழுக்க வந்தது. அவருக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினார்கள். ஜெயம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு நைனாவின் அடக்கம் அன்றைக்குத்தான் நடந்தது. அதை உடைக்கச் சொன்னால் எப்படி?

"எதிர்ச் சுவத்துல புதுசா ஒண்ணு வெச்சிடலாம்மா, இதவிடப் பெருசா" என்றார் இன்பசேகரன் அண்ணன். வைக்கலாம்தான். ஆனால் அது வெறும் கல்லாகத்தான் இருக்கும்.

ஸ்ரீஜாவிடம் சொன்னேன். "சரி ஆண்டி" என்றாள். வாதாடவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

6

அடுத்த வாரம் வந்தாள். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் எழுதிய பக்கத்தை என்னிடம் காட்டினாள். பக்கம் கூட இல்லை, ஒரே வரி. இங்கிலீஷில் இருந்ததை எனக்காகத் தமிழில் சொன்னாள். "இவ்வாலயம் மிஷன் துரையால் கட்டப்பட்டது. ஆதாரம்: சபை ஆண்டறிக்கை."

"பச்சையம்மா எங்க?"

"ஆதாரம் இல்லாதவாளை நான் எழுத முடியாது ஆண்டி."

"அப்ப பொய் எழுதறியா?"

"பொய் இல்லை. ஆண்டறிக்கையில இருக்கே." தாளை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள், "உங்கப்பாவுக்கு அந்த ஒரு கல்லுதானே இருக்கு. நான் புரிஞ்சுண்டேன் ஆண்டி. அம்மாவும் சந்தோஷமா பி.எட். அப்ளிகேஷன் போட்டுட்டா."

முதல் நாளைவிட அதிகக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அந்த ஒரு வரி மேல். என்ன சுத்தமான வரி. ஒரு பெண் வெயிலில் வீடு வீடாகப் போய் அரிசி சேர்த்த கதையை அந்த வரி விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பொய் சொல்வது என் வேலை. நான் கதையில் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், அது கதை என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீஜா சொல்லக் கூடாது. அவள் எழுதினால் நாளைக்கு இன்னொரு பிள்ளை அதையே ஆதாரம் என்று போடும்.

நைனாவுக்கு அந்த ஒரு கல்தான் என்றால் பச்சையம்மாளுக்கும் அந்த ஒரு கல்தான். அவர் முன்னால் வந்தவர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நான்தான் அன்று இரண்டு வேளை சாப்பிடாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இங்கே எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். எழுதிப் பார்த்தேன். "உண்மைதான் மகளே எல்லாவற்றையும்விட—" அடித்துவிட்டேன். அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. "மொதல்ல துன்னு, அப்பறம் பேசு" என்றிருப்பார். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளாட்வினுக்குப் போன் பண்ணினேன்.

"கல்லை எடுக்கச் சொல்லப் போறேன்டா."

"சொல்லுக்கா."

"இன்னாடா இது, ஒரு வார்த்தை தடுக்க மாட்டியா?"

"தடுத்தா நீ கேப்பியா?"

கேட்க மாட்டேன்தான். அவன் பக்கத்தில் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவன் சொன்னான், "ஒடையறப்ப போட்டோ எடுத்து எனக்கு அனுப்பாதக்கா."

7

சனிக்கிழமை காலை எடுப்பதென்று முடிவாயிற்று. எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. முடிவுகளை முன்கூட்டியே எழுத ஆரம்பித்தேன்.

முடிவு, ஒரு விதம்: பலகை பெயர்ந்து விழுகிறது. பின்னால் தமிழ் எழுத்து. பச்சையம்மாள் என்று பளிச்சென்று இருக்கிறது. ஜெயம்மா அக்கா "நான் சொன்னேன்ல" என்கிறார். இன்பசேகரன் அண்ணன் அடுத்த பிரதிஷ்டை நாளில் தொண்டையைச் செருமிக்கொண்டு புது அறிக்கை வாசிக்கிறார். ஸ்ரீஜாவுக்கு சீட். எழுதும்போது குஷியாக இருந்தது. மறுநாள் படித்தபோது மிட்டாய் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.*

(* இப்படி நடந்தா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஹரிபாபு சார் உங்ககிட்டயும் எவிடென்ஸ் கேப்பார். — ஸ்ரீஜா)

இன்னொரு விதம்: துரையின் பெயர், இங்கிலீஷில், அழகாக. இன்பசேகரன் அண்ணன் ஒரு வருஷத்துக்குச் சிரித்த முகமாகவே இருக்கிறார். துரைக்காக நைனாவை உடைத்துவிட்டு நான் வீட்டுக்கு நடந்து—*

(* ஏன் பாதியில விட்டுட்டேள்? துரை பேர் இருந்தா அதையும் எழுதுவேன். பொம்மனாட்டிகள் ஏன் வேற மாதிரி ஞாபகம் வெச்சிருக்கான்னு அதுவே ஒரு அத்தியாயம். — ஸ்ரீஜா)

இவளுக்கு எது நடந்தாலும் ஒரு அத்தியாயம் இருக்கிறது.

மூன்றாவது விதம்: பலகையும் போயிற்று. பின்னால் உளிக்கொத்து மட்டும், அம்மை விழுந்த முகம் மாதிரி. எழுத்தே இல்லை. துரையும் இல்லை, பச்சையம்மாளும் இல்லை, நைனாவும் இல்லை.*

(* இது வேண்டாம் ஆண்டி. — ஸ்ரீஜா)

அவள் குறிப்புகளில் இதுதான் சின்னது. இதைப் படித்த பிறகுதான், அவளுக்கும் பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அன்று அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

[மழை வந்து மேஸ்திரி வரவில்லை என்று நாலாவதாக ஒன்று எழுதினேன். அது எழுதுகிறவர்கள் தப்பித்து ஓடும் பின்வாசல். கிழித்துப் போட்டுவிட்டேன்.]

8

சனிக்கிழமை மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல வெயில். சந்திரன் நேரத்துக்கு வந்து கீழே கோணி விரித்தார். ஹரிபாபு சார் திருப்பதியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். இன்பசேகரன் அண்ணன் எனக்காக ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து போட்டார். ஜெயம்மா அக்கா எல்லோருக்கும் இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்ரீஜாவுக்கு வாழைப்பழம். பார்ப்பதற்கு ஏதோ பிக்னிக் மாதிரி இருந்தது.

நான் பேச வேண்டும் என்று நான்கு வரி தயார் பண்ணி வைத்திருந்தேன். குடும்பத்தின் சார்பில் சம்மதம் தெரிவிக்கிறேன் என்று. யாரும் அதைக் கேட்கவில்லை. சந்திரன் உளியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்மா?" என்று மட்டும் கேட்டார்.

பலகையில் மேலே சிலுவை. அதற்குக் கீழே நைனாவின் பெயர். அப்புறம் பிறப்பு, இறப்பு. கடைசியில் வசனம். சம்மதமா இல்லையா என்றுதான் நான் ஒரு மாசமாக யோசித்தேன். எங்கிருந்து என்று யோசிக்கவே இல்லை.

"மூலையிலேருந்து ஆரம்பிப்பா. மரியாதையா வரட்டும்" என்றார் இன்பசேகரன் அண்ணன். மூலையில் ஆரம்பித்தால் வசனம் போகும், தேதி போகும், கடைசியில்தான் பெயருக்கு வரும். அது வருவதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்ரீஜா பக்கத்தில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஆண்டி, இப்பக்கூட வேண்டாம்னா நிறுத்திடலாம். நிஜமா சொல்றேன். எனக்கு பி.எட். ஒண்ணும் கஷ்டமில்லை."

"நீ உன் வேலையைப் பாரும்மா. போன்ல சார்ஜ் கீதா?"

சேரிலிருந்து எழுந்து போய்ப் பலகையில் கை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. எழுத்துக்கு எழுத்து விரலை ஓட்டினேன்.

"கொஞ்சம் நவுந்துக்கோ நைனா" என்றேன். பிறகு சந்திரனைப் பார்த்து, "பேர்லேருந்தே ஆரம்பிப்பா" என்றேன்.

அவர் அடித்தார்.

அதற்கப்புறம் என்ன தெரிந்தது என்று நான் எழுதப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் குனிந்து பார்த்தவள் ஸ்ரீஜா. அவள் பார்த்ததை அவள்தான் எழுத வேண்டும். நான் எழுதினால் அதைக் கதை என்பீர்கள். மேலே சொன்னதில் எது உங்களுக்கு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ஆதாரம் கேட்டு யாராவது வந்தால் மட்டும் என் வீட்டுப் பக்கம் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் நைனா முதல் அடியிலேயே வழிவிட்டார்.*

(* இதுக்கு ஆதாரம் வேண்டாம் ஆண்டி. நான் பக்கத்துல நின்னுண்டிருந்தேன். — ஸ்ரீஜா)